சூடத்தில் கை வைத்தவர்கள்

கல்லை எறிந்தது நீ. லாரியின் முன்கண்ணாடி உடைந்து டிரைவரின் இடது கண் போனது உன் கல்லால்தான். ஆனால் அரியலூர் கோர்ட்டில் வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்பது என் தம்பி.

சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பள்ளிக்கூட நேரத்திலாவது விடாதீர்கள் என்று மனு கொடுத்து ஊரே சலித்துப்போயிருந்தது. அப்புறம் உன் மகளை ஒரு லாரி இடித்துக் கால் முறிந்தது. அன்று சாயங்காலம் ஆண்கள் எல்லோரும் மாரியம்மன் கோயிலில் கூடினீர்கள். எரிகிற சூடத்தை ஒவ்வொருவராக உள்ளங்கையால் அடித்து அணைத்தீர்கள். காலையில் மறியல், ஒருவரும் பின்வாங்கக் கூடாது, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கக் கூடாது. இதுதான் சத்தியம். பெண்களை யாரும் கூப்பிடவில்லை. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மறியலுக்கு ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கோடு வந்தார். நாங்கள் குடித்துவிட்டுக் கலாட்டா பண்ண வந்த கூட்டமில்லை என்று காட்ட வேண்டும் என் தம்பிக்கு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "சூடம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கோங்க. எது நடந்தாலும் எல்லாரும் ஒண்ணாத்தான் நிப்போம்."

கொஞ்ச நேரத்தில் முதல் லாரி வந்தது. தம்பி அதன் முன்னால் போய்க் கைகூப்பினான். நான் அடிபம்பில் குடத்தோடு நின்றிருந்தேன். நீ எனக்குப் பக்கத்திலிருந்துதான் எறிந்தாய். எறிந்துவிட்டு ஓடினாய். வீடியோவில் உன் முகம் இல்லை, வழக்கிலும் உன் பெயர் இல்லை. என் தம்பி பேசியதுதான் சாட்சியாகி, வீடியோவில் இருந்த அத்தனை பேர் மேலும் கூட்டுச்சதி என்று எழுதிவிட்டார்கள்.

எங்கள் வக்கீல் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. "கூடிப் பேசி முடிவெடுத்துப் போயிருந்தா, ஒருத்தன் செஞ்சது எல்லாரும் செஞ்ச மாதிரிதாங்க" என்றார்.

"அப்ப ஒருத்தன் தின்னா எல்லாருக்கும் வயிறு ரொம்புமா சார்?"

"அக்கா, பேசாம நீங்களே கறுப்புக் கோட்ட மாட்டிக்குங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். மறிக்கிறது மட்டும்தான் பேசிய பேச்சு, கல் எறிந்தவனின் சொந்தக் கோபம் என்று காட்ட முடிந்தால் வாதாட இடம் இருக்கிறது. காட்ட ஆள் வேண்டும். கூடப் பிறந்தவள் சொன்னால் எடுபடாது. இல்லையென்றால் தம்பி ஜெயிலுக்குப் போவது ஏறக்குறைய உறுதி.

அந்த டிரைவர் அரும்பாவூர்க்காரர். கோர்ட்டு வாசல் டீக்கடையில் அவரே வந்து பேசினார். "ஒங்க தம்பி கும்பிட்டுக்கிட்டு நின்னது எனக்குத் தெரியுங்க. கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியல." ஒற்றைக் கண்ணோடு இனி அவரை யார் ஸ்டியரிங்கில் உட்கார வைப்பார்கள்? அவரும் பிள்ளை பெற்றவர். நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது தம்பியிடம் உன் பெயரைச் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

"சும்மா இருக்கா. சத்தியம் பண்ணிருக்கோம்."

"நீ உள்ள போயிட்டா ஒன் பொண்டாட்டி புள்ளைக்கு அந்தச் சத்தியமாடா சோறு போடும்?"

"அவன் பொண்ணு காலப் பாத்தியா நீ?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பார்த்தேன். நீ அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடிவந்தவள் நான். உன் இடத்தில் நான் இருந்தால் என் கையும் கல்லைத் தேடியிருக்கும். ஆனால் அடுத்தவனைக் கூண்டில் ஏற்றிவிட்டு, அவன் வீட்டைத் தாண்டித் தினமும் டவுனுக்கு வேலைக்குப் போயிருக்க மாட்டேன். நீ போகிறாய். என் தம்பி மனைவி வாசலில் நின்றால் தலையைக் குனிந்துகொள்கிறாய்.

நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன். தீர்ப்புக்கு முன்னால் ஊர்க்கூட்டம் இருக்கிறது. அங்கே எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று பதில் சொல். கல்லெறியலாம் என்று உன்னிடம் யார் சொன்னது? என் தம்பி சொன்னானா?

வாயைத் திறந்து சொல்.