படுத்தே கிடந்த இருபத்துநாலு மணி நேரம்

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒயர் அக்கா என்றுதான் பெயர். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டியை நோயாளிகளுக்கு மாட்டி வீட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. மாட்டப் பத்து நிமிஷம், பேச அரை மணி நேரம்.

"நாளைக்கு இதே நேரம் வரைக்கும் குளிக்கக் கூடாது. ஸ்டிக்கரைப் பிய்க்கக் கூடாது. தலை சுத்துனா இந்தப் பட்டனை அழுத்துங்க. மணி என்ன, என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு இந்தத் தாள்ல எழுதுங்க. ஏணி மட்டும் வேண்டாம், மத்தபடி எப்பவும் போல இருங்க. எங்க, திருப்பிச் சொல்லுங்க."

டாக்டரையே திருப்பிச் சொல்ல வைப்பாராம். நான் பெயின்டர், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் சொன்னேன்.

இரண்டு தடவை தலைசுற்றி ஏணியிலிருந்து சறுக்கியிருந்தேன். இந்தப் பெட்டி காட்டிக்கொடுத்தால் பிழைப்பில் மண் விழுந்துவிடும் என்று பயம். வீட்டுக்குப் போய்க் கட்டிலில் விழுந்தவன் அசையவே இல்லை.

மறுநாள் அக்கா தாளைப் படித்தார். காலை படுத்திருந்தேன். மதியம் படுத்திருந்தேன். மாலையும் அதே.

"பெட்டிகிட்ட நல்ல பேர் வாங்கப் பாத்தீங்களா தம்பி?"

"ரிசல்ட் நல்லா வந்தா ஏணி ஏறலாமில்லக்கா?"

"ஏறலாம். இறங்குறதுக்குத்தான் நான் உத்தரவாதம் தர முடியாது."

அவர் மறுபடியும் பெட்டியை மாட்டினார். தாளை மட்டும் கூட வந்திருந்த என் மனைவியிடம் கொடுத்தார். "இவரைப் படுக்க விடாதீங்கம்மா."

கேட்கவா வேண்டும்! மூன்று வருஷமாக நான் தட்டிக்கழித்த வேலைகளெல்லாம் வரிசையாக வந்தன. அலமாரியை நகர்த்தினேன். மாடியைக் கழுவ வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினேன். படியில் கண் இருட்டியது. அப்படியே உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன்.

மனைவி எழுதியிருந்தாள்: "4.10. படியில் உட்கார்ந்துவிட்டார். நான் திட்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் திட்ட மாட்டேன்." அந்தச் சத்தியம் ஒரு வாரம் தாங்கியது.

மறுநாள் அக்கா கணினியில் காட்டினார். நாலு பத்துக்கு என் இதயம் ஐந்து நொடி நின்றிருக்கிறது. கோடு நேராகப் போனது. சீக்கிரமே பேஸ்மேக்கர் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து டாக்டர் ஏணிக்குச் சம்மதித்தார்.

முதல் வேலை, அக்காவின் அறைக்கு வெள்ளையடிப்பது. முதல் படியில் கால் வைத்தவன் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டேன். அக்கா வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்க தம்பி. இறங்குறதுக்கு நான் உத்தரவாதம்."