மஞ்சுளா அக்கா பேசிய கொரியம்

செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் கம்பெனிப் பேருந்து சூளகிரி மேம்பாலத்தைத் தாண்டும்போது என் கைப்பேசி ஒலித்தது. மஞ்சுளா அக்காவின் கணவர். "சுமதிம்மா, மஞ்சு போயிட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் எழுந்து நின்று எல்லோரிடமும் சொன்னேன். ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். தொழிற்சாலை வரும்வரை எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தோம். எங்கள் முகங்களில் துக்கத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. ஏன் என்று அக்காவைத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மத்தூர் பக்கம், ஒரு விவசாயக் குடும்பத்தில். சூளகிரியில் தெலுங்கு பேசும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே மாமியாரோடு தெலுங்கில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். வாகன உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில், என் பக்கத்து மேசைக்காரர். நான் திண்டுக்கல்லிலிருந்து வந்தவள். ஓசூரில் எனக்கு முதலில் வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

பேருந்தில் ஏறியதும் காதில் வயரை மாட்டிக்கொண்டு கொரியத் தொடர் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்ப்பார். "இதக் கத்துக்கிட்டு என்னக்கா செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல. கேக்க நல்லா இருக்குது. அவ்ளோதான்" என்றார்.

பிறகு எங்கள் தொழிற்சாலைக்குக் கொரியாவிலிருந்து ஒரு பெரிய பிரஸ் இயந்திரம் வந்தது. அதை நிறுவ வந்த குழுவில் கிம் என்று ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெறும் வயது. உணவுக்கூடத்தில் யாரோடும் பேச முடியாமல் தனியே உட்கார்ந்து சாம்பார் சாதத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருப்பார். ஒருநாள் அக்கா எதிரே போய் உட்கார்ந்து, தொடரில் கற்ற இரண்டு வாக்கியத்தை எடுத்துவிட்டார். பெரியவரின் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து மதியம்தோறும் இருவரும் பேசினார்கள். பாதி கொரியம், பாதி கை ஜாடை. சிறுவயதில் தின்ற மிட்டாய்களைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள். அவர் ஊரில் கத்தரிக்கோலைச் சடக் சடக்கென்று தட்டிக்கொண்டு ஒருவர் வருவாராம். பழைய சாமான் எதைக் கொடுத்தாலும் 'யொத்' என்ற இழுவை மிட்டாயைத் தருவாராம். கிம் தன் அப்பா போட்டுக்கொண்டிருந்த ரப்பர் செருப்பைக் கொடுத்து வாங்கித் தின்று உதைபட்டிருக்கிறார். அக்காவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் விற்றவரிடம், அப்பாவின் பம்புசெட் ஸ்பானரைப் போட்டுவிட்டு விளக்குமாற்றால் அடி வாங்கிய கதை இவரிடம் இருந்தது. அதை நடித்தே காட்டினார். கிம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"யொத்துன்னா நம்ம ஜவ்வு மிட்டாய்தான் சுமதி. அதே இழுவ. அவருக்கு ஒரு வாட்டி குடுக்கணும்" என்றார் அக்கா. கிம் ஊருக்குப் போகும் வாரத்தில், மத்தூர் சந்தையில் தேடி ஜவ்வு மிட்டாய் வாங்கி வந்தார். பேருந்துச் சூட்டில் அது இளகித் தாளோடு ஒட்டிக்கொண்டது.

வழியனுப்பு விழாவில் மேலாளர், கொரியக் குழு, பெங்களூரிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் என எல்லோரும் இருந்தார்கள். கேக் வெட்டியதும் அக்கா முன்னே போய் மிட்டாயை நீட்டி, அனைவருக்கும் கேட்கும்படி, "யொத் சாப்பிடு!" என்று கொரியத்தில் சொன்னார்.

கொரியர்கள் அத்தனை பேரும் உறைந்துபோனார்கள். அந்தச் சொற்கள் அவர்கள் மொழியில் மிகக் கேவலமான வசவு. அதோடு, தொடர்களில் வரும் அக்கா-தம்பிப் பேச்சைக் கேட்டே மஞ்சுளா அக்கா கற்றதால், மரியாதையில்லாத 'சாப்பிடு' வேறு. மொழிபெயர்ப்பாளர் மேலாளரின் காதில் கிசுகிசுத்தார். "என்ன மஞ்சுளா, இப்படிக் கெட்ட வார்த்தை பேசிட்டீங்க? யார் சொல்லிக் குடுத்தாங்க இத?" என்று மேலாளர் எல்லோர் முன்பும் கேட்டார். கிம்மின் முகம் சிவந்திருந்தது. ஆனாலும் மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பல்லில் ஒட்டியதால் பேச முடியாமல், பரவாயில்லை என்று கையை ஆட்டினார். கூட்டம் சிரித்தது. அக்கா வெளியே ஓடினார்.

உடை மாற்றும் அறையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். "எங்கப்பா வயசு மனுசன். ஆசையா கூப்பிட்டு அசிங்கமா திட்டிட்டனே. நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்குது" என்றார். நான் என்ன சொல்லியும் தேறவில்லை. மறுநாள் காலையே கிம் புறப்பட்டுப் போய்விட்டார்.

யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. எங்களில் சிரிக்காதவர்கள் குறைவு. தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் லோகேஷ் என்ற ஆபரேட்டர், அக்காவின் மேசையைத் தாண்டும்போதெல்லாம் அந்த வசவை அப்படியே கொரியத்தில் சொல்லிவிட்டுப் போவார். அக்கா தலையைக் குனிந்துகொள்வார். பேருந்தில் தொடர் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்.

சில மாதம் கழித்து மறுபடி காதில் வயர். ஆனால் இப்போது தொடர் இல்லை, பாடம். 'சாப்பிடுங்கள், வாருங்கள், மன்னியுங்கள்' என்று மரியாதைச் சொற்களாக உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். "என்னிக்காச்சும் அவரு திரும்பி வந்தா ஒழுங்கா மன்னிப்புக் கேக்கணுமில்ல?" என்றார்.

அடுத்த ஆண்டு வேறு குழு வந்தது. அதில் ஒரு இளம் பெண் பொறியாளர். அவர் எங்கள் பக்கம் நின்றிருந்தபோது லோகேஷ் வழக்கம்போல அக்காவைப் பார்த்து அந்தச் சொற்களை வீசினார். தன்னைத்தான் சொன்னதாக அந்தப் பெண் நினைத்தார். முகம் வெளுத்து, கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு மேலாளரை அழைத்தார். அன்று மொழிபெயர்ப்பாளரும் இல்லை. மேலாளர் லோகேஷின் அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னார். லோகேஷ் கழற்றினார்; வேலை போனது போலத்தான்.

அக்கா எழுந்தார். அந்தப் பெண்ணின் முன்னே போய் இடுப்பு வளைய வணங்கினார். பிறகு கொரியத்தில், நிறுத்தி நிறுத்தி, பேசினார். நடுவே ஸ்பானரை வீசினார், கத்தரிக்கோலைத் தட்டினார், மிட்டாயை நீட்டினார். எங்களுக்குக் கதை தெரியும் என்பதால் எந்த இடத்தைச் சொல்கிறார் என்று புரிந்தது. எந்தக் கதையை எல்லோரும் மறந்தால் போதும் என்று ஒரு வருடமாகத் தவித்தாரோ, அந்தக் கதையை அவரே, அத்தனை பேர் முன்னிலையில், முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் லோகேஷைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பெண் மேலாளரிடம் வேண்டாம் என்று தலையசைத்தார்.

லோகேஷ் அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். நாங்களோ ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அவன எதுக்கக்கா காப்பாத்துனீங்க?" என்று பேருந்தில் கேட்டேன்.

"அவன் பொண்டாட்டி மாசமா இருக்குதுடி. அதுவுமில்லாம, அந்த வார்த்தைய இந்தக் கம்பெனிக்குக் கொண்டு வந்தது நானில்லியா? கடசியா, அவன் எந்தம்பி மாதிரின்னு சொன்னன். சரியாத்தான் சொன்னனா தெரில" என்றார்.

அந்தப் பெண் ஊர் திரும்பி, ஓய்வு பெற்றிருந்த கிம்மைத் தேடிப் பேசி, அவர் சொன்னதை அக்காவுக்குத் தெரிவித்தார். இந்தியாவில் தனக்கு மிட்டாய் கொடுத்துத் திட்டிய பெண்ணைப் பற்றிப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி மகிழ்கிறாராம். "ஐயோ, அங்கயும் ஊரெல்லாம் சொல்லிட்டாரா!" என்று அக்கா முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கிடையே சிரிப்பது தெரிந்தது.

சென்ற ஆண்டு நோய் வந்தது. முடி கொட்டிய தலையோடு யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் நாங்கள் போகவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்வதா? போயிருக்கலாம்.

செவ்வாய் மாலை சூளகிரி வீட்டுக்குப் போனோம். அக்காவின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ கேட்டார். பத்து வருடத்துக்கு மேல் ஓசூரில் இருக்கிறேன், ஒரு வார்த்தை பதில் சொல்லத் தெரியவில்லை. தப்பாகிவிடும் என்ற வெட்கத்தில் கற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டேன். பின்னால் நின்றிருந்த லோகேஷ் குனிந்து சொன்னார்: "வேல செய்யற எடத்துல எம்மருமவ எப்படி இருந்தான்னு கேக்கறாங்க."

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

லோகேஷ் அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்து தெலுங்கில் பேசத் தொடங்கினார். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அந்த அம்மா அவர் தலைமேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா, உங்களை வழியனுப்ப வந்த எங்களில் ஒருவருக்கும் தலை நிமிரவில்லை. குனிந்த தலையோடே உங்களை வணங்குகிறோம்.