ஒரு கையால் விளையாட முடியாத இரண்டாம் பாகம்

1. ஒற்றை ஸ்டார்

கேம் வெளியான மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை, நவி மும்பை ஐரோலி ஆபீஸில் எல்லாரும் ஒரே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் மொபைல் கேம் 'ஸ்டால் நம்பர் ஏழு – பாகம் இரண்டு'க்கு ஒற்றை ஸ்டாராக விழுந்துகொண்டிருந்தது. முதல் பாகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே ஜனம்தான். காரணம் சொல்லித் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. "பழைய மாதிரி இல்லை", "என்னவோ குறையுது", "மஜா நஹி ஆயா" (ஒரு சுவாரஸ்யமும் இல்லை) என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். என்ன குறைகிறது என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே!

நான் அப்போது டெஸ்டிங் டீம் லீட். பெயர் பெருமாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவன், இப்போது வீடு செம்பூரில். கேமைப் போட்டு நோண்டி, எங்கே கோளாறு என்று டெவலப்பர்களுக்குச் சொல்வது என் பிழைப்பு. ரிலீஸுக்கு முன்னால் "எல்லாம் ஓகே" என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் பட்டதைப் படவேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

ப்ராடக்ட் ஹெட் தேஷ்பாண்டே சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டு, டெஸ்டிங்கில் யாரோ கோட்டை விட்டிருக்கிறார்கள், வியாழக்கிழமை ரிவ்யூ மீட்டிங்குக்கு வரும்போது அந்த ஆளின் பெயரோடு வா என்றார். காண்ட்ராக்ட் ஆட்களை நீட்டிப்பதா, அனுப்புவதா என்று முடிவாவதும் அதே மீட்டிங்கில்தான். போனில் விளையாடிப் பார்க்கும் வேலை முழுவதையும் செய்தது ஒரே ஒரு காண்ட்ராக்ட் ஆள், நூர்ஜஹான். அவர் பெயரைத்தான் கேட்கிறார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

நூர்ஜஹானுக்கு முப்பத்தெட்டு வயது. பூர்வீகம் காயல்பட்டினம் பக்கம், வீடு தாராவி. முன்பு ஒரு லெதர் ஒர்க்‌ஷாப்பில் பை செக்கிங் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு தையல் விலகியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணுக்காகத்தான் நானே போய்ச் சொல்லி இந்த வேலைக்குக் கூட்டிவந்தேன். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவர். மூத்த மகள் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள்.

2. நாற்பது பக்க ஸ்பெக்

முதலில் ஸ்பெக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேமில் என்னென்ன இருக்கவேண்டும் என்று எழுதிவைத்த நாற்பது பக்கம். ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு வடாபாவ் கடை. ரயில் கிளம்புவதற்குள் வருகிறவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் கேம். முதல் பாகத்தில் இருந்த பலகாரம், சட்னி, இசை, வாய்த்துடுக்கான அந்தக் கடைக்காரி, எல்லாமே இரண்டாம் பாகத்திலும் இருந்தன. அதற்கு மேல் 3டி கிராபிக்ஸ். ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே போனேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பிறகு ஏன் இந்த ஜனத்துக்குப் பிடிக்கவில்லை என்று எரிச்சல்தான் வந்தது.

சாயங்காலம் நூர்ஜஹானிடமே போய்க் கேட்டேன், நாம் எதைம்மா விட்டோம் என்று. அவர் கையிலிருந்த போனை மேஜையில் வைத்தார்.

"நாளைக்கு ஆபீஸ் பஸ்ஸுல வராதீங்கண்ணே. சயான்ல எட்டு பத்து ஸ்லோ ட்ரெயின்ல ஏறுங்க. ரெண்டாம் பாகத்த வெளையாடிக்கிட்டே வாங்க."

ஏன் என்று கேட்டதற்கு, "ஏறிப் பாருங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. இது என்னடா கூத்து என்று நினைத்தேன். ஆனாலும் போனேன்.

3. சயானிலிருந்து தாணே

நூர்ஜஹான் லேடீஸ் டப்பாவில் ஏறினார், நான் ஜெனரலில். காலையில் தாணே பக்கம் போகிற ரயிலில் கூட்டம் கம்மி என்பார்கள். கம்மி என்றால், மேலே கைப்பிடியைப் பிடிக்க ஒரு கைக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான். இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையில் போனை எடுத்தேன். எங்கள் இரண்டாம் பாகத்துக்குப் போனைப் படுக்கைவாட்டில் பிடிக்கவேண்டும். ஒரு கட்டைவிரலால் வடையை எடுத்து, இன்னொரு கட்டைவிரலால் சட்னி தடவவேண்டும். எனக்கு இருந்ததோ ஒரே ஒரு கை. குர்லா வருவதற்குள் இரண்டு தடவை போனைக் கீழே விடப்பார்த்தேன். வித்யாவிஹாரில் ஒருத்தர் முதுகில் போய் மோதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்தில் ஒருத்தர் பையை மார்பில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் கையில் எங்கள் முதல் பாகம். போன் நிமிர்ந்து நிற்கிறது, ஒரே கட்டைவிரல் மேலும் கீழும் ஓடுகிறது. ஸ்டேஷன் வந்தால் போன் சட்டைப்பைக்குள் போகிறது, ரயில் கிளம்பினால் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறார். புதுசு வந்திருக்கிறதே, போடவில்லையா என்று ஹிந்தியில் கேட்டேன். போட்டாராம், ஒரே நாளில் அழித்துவிட்டாராம். ஏன் என்றால் யோசித்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பதா நஹி பாய். வோ பாத் நஹி."

கைப்பிடியில் தொங்கிக்கொண்டே சொல்கிறார், அந்தப் பழைய ருசி இல்லையாம், ஏனென்று தெரியவில்லையாம்! அதற்கு முந்தின நிமிஷம்வரை எனக்கும்தான் தெரியாது.

முதல் பாகம் செய்தபோது நாங்கள் ஆறே பேர். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு மாடி அறை. ஏசி கிடையாது, உட்கார நாற்காலியும் எல்லாருக்கும் கிடையாது. வீட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில்தான் டெஸ்டிங் நடந்தது. நின்றபடி ஒரு கையால் விளையாட முடியாத எதுவும் தானாகவே கழிந்து போய்விட்டது. ஒரு கையால் விளையாடுகிற கேம் என்று யாரும் முடிவு பண்ணவில்லை. முடிவு பண்ணாததை யாரும் எழுதிவைக்கவும் இல்லை. இரண்டாம் பாகத்துக்கு ஐரோலியில் பெரிய ஆபீஸ் வந்தது, சுழல் நாற்காலி வந்தது, வீட்டு வாசலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. நாங்கள் ரயிலை மறந்துபோனோம். எங்கள் டீமில் இன்னும் ரயிலில் வந்துகொண்டிருந்தவர் ஒரே ஒருத்தர்.

தாணேயில் இறங்கி, ஐரோலிக்கு மாறுகிற பிளாட்பாரத்தில் நூர்ஜஹானைப் பார்த்தேன். அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது. முந்தின நாளே இவர் இதைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? ஒருவேளை எப்போதோ சொல்லிவிட்டாரோ? ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, மூடிய பக்குகளின், அதாவது நாங்கள் பார்த்து முடித்துவைத்த கோளாறுப் புகார்களின், பட்டியலைத் திறந்தேன்.

இருந்தது. ரிலீஸுக்கு இரண்டு மாதம் முன்பே நூர்ஜஹான் போட்ட பக். "ரயிலில் நின்றுகொண்டு விளையாட முடியவில்லை. ஒரு கை கைப்பிடியில் இருக்கிறது." அதன் கீழே என் பதில்: "ஆஸ் டிசைன்ட். உட்கார்ந்து டெஸ்ட் பண்ணவும். க்ளோஸ்டு."

டிசைனே அப்படித்தான், இது கோளாறு இல்லை என்று அர்த்தம். அதை எழுதிய ஞாபகமே எனக்கு இல்லை. ஒரு நாளைக்கு முப்பது பக் மூடுகிறவனுக்கு எது ஞாபகம் இருக்கும்! வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

4. வியாழக்கிழமை

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. தேஷ்பாண்டே எத்தனை பக் என்ற எண்ணிக்கையைத்தான் பார்ப்பார், மூடிய பக்கை யாரும் திறந்து படிக்கமாட்டார்கள். நான் பேசாமல் இருந்தால் என் நாற்காலி பத்திரம், நூர்ஜஹானுக்கு வேலை போகும். எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, நானும் பிள்ளைகுட்டிக்காரன் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். தூக்கம்தான் வரவில்லை.

மீட்டிங்கில் தேஷ்பாண்டே பெயர் கேட்டார். நான் லேப்டாப்பைப் பெரிய ஸ்கிரீனில் மாட்டி அந்தப் பக்கைத் திறந்து காட்டினேன். கண்டுபிடித்தவர் நூர்ஜஹான், மூடியவன் நான், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இரண்டு தடவை படித்தார். "உட்கார்ந்து டெஸ்ட் பண்ணவும்" என்ற இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

லீட் பொறுப்பு என் கையை விட்டுப் போயிற்று. திரும்பக் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. நூர்ஜஹானின் காண்ட்ராக்ட் நீண்டது. அடுத்த அப்டேட்டில் போனை நிமிர்த்திப் பிடித்து விளையாடுகிற மாதிரி மாற்றினோம். கேமை விட்டுப் போனவர்களில் பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். மீதிப் பேருக்கு மனசு விட்டுப்போயிருந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மீட்டிங் முடிந்ததும் நூர்ஜஹானிடம் போய், அந்தப் பக்கை மூடியது நான்தான், மன்னிச்சுக்கோங்க என்றேன்.

"தெரியும்ணே. கீழயே ஒங்க பேரு இருக்குல்லா. நீங்களா சொல்லுதீயளான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லியிருக்காவிட்டால் என்ன பண்ணியிருப்பீர்கள் என்று கேட்டேன்.

"காண்ட்ராக்ட் கெடச்சிருந்தாலும் ஒங்க டீம்ல இருந்திருக்க மாட்டேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

இரண்டாம் பாகத்தில் என்ன வேண்டும் என்று விளையாடுகிறவர்களைக் கேட்டால் புதுசு புதுசாகச் சொல்வார்கள். முதல் பாகத்தில் எது பிடித்ததோ அதைச் சொல்லமாட்டார்கள். அது எப்படியும் இருக்கும் என்று நம்பித்தான் வருகிறார்கள். அந்த நம்பிக்கை எந்த ஸ்பெக்கிலும் இருக்காது. எங்கேயோ நின்று விளையாடிப் பார்த்த ஒருத்தர் போட்ட பக்கில் இருக்கும். அதை மூடுவதற்கு முன்னால் அவர் நின்ற இடத்தில் நீங்களும் ஒரு தடவை போய் நின்று பாருங்கள். தவறி மூடிவிட்டால், யாரும் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.