கமலவேணி தொடாத பெரட்டல்

மிளகாய்ச் சம்பலை அவர் உடனே வாயில் வைப்பதில்லை. இடது உள்ளங்கையில் ஒரு துளி விட்டு, கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்கிறார். மலாக்காவின் சிம்பாங் அம்பாட் சந்திப்பில், லாரிகள் புழுதி கிளப்பிப் போகும் சாலையோரக் கடையில், பின்னால் நான்கு பேர் தட்டோடு காத்து நிற்க, கமலவேணி இப்படிக் கண்மூடி நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"பெலாச்சான்," என்கிறார் கண்ணைத் திறந்து.

"இல்லக்கா, சைவம்தான்லா," என்கிறார் கடைக்காரர்.

"யாருக்குச் சைவம்? எறாலை இடிச்சு வெயில்ல காயப்போட்டா கீரையாயிடுமா?"

கடைக்காரர் கொஞ்ச நேரம் கரண்டியைப் பார்க்கிறார். "வாசத்துக்குத்தான்க்கா. கொஞ்சூண்டு." கமலவேணி தலையை ஆட்டுகிறார். அதில் கோபம் இல்லை. எதிர்பார்த்தது கிடைத்த திருப்திதான் இருக்கிறது. வெறும் சோறும் வெள்ளரிக்காயும் வாங்கிக்கொண்டு நகர்கிறார்.

பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. வயது ஐம்பத்திரண்டு. ஒரு கையுறை ஆலையில் தரம் பார்க்கும் வேலை. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் உற்றுப் பார்ப்பார். விரல் நுனியில் ஒரு பொட்டு ஈரம் அரும்பினாலும் அது கழிவு. "நல்லாத்தான் இருக்கும்னு ஒரு பெட்டியை விட்டேன்னா, எங்கியோ ஒரு நர்ஸ் கையில ரத்தம் படும்லா," என்பார். இருபத்தாறு வருடங்களாக ஓட்டையைத் தேடிச் சம்பளம் வாங்குபவர், ஆலையை விட்டு வெளியே வந்ததும் மனிதர்களை நம்பத் தொடங்கிவிடுவாரா என்ன?

இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய், தேன் எதுவும் அவர் வீட்டுக்குள் வராது. பயணம் என்றால் முதலில் தயாராவது துணிப்பை அல்ல, ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டி. பினாங்குக்குப் போனாலும் பத்து பகாட்டுக்குப் போனாலும் அதில் புளிச்சோறு, வறுத்த சோயாத் தெம்பே, எலுமிச்சை ஊறுகாய், ஒரு சின்னக் கத்தி இருக்கும். கேமரன் மலையில் ஒரு விடுதியில், காலை உணவுக்கு வைத்திருந்த ரொட்டியின் உறையைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துவரச் சொல்லி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொடி எழுத்துகளை விரல் வைத்துப் படித்தார். "பால் பவுடர். ஆறாவது வரியில ஒளிச்சு வெச்சிருக்கான் பாருங்க." விடுதிப் பையன் தானே ஒளித்துவைத்ததுபோல் மன்னிப்புக் கேட்டான்.

நாடு முழுக்க அவர் சோதித்துத் தேறிய கடைகள் பதினான்கு. கைப்பேசியில் பட்டியல் இருக்கிறது. போன மாதம் தைப்பிங் கடை ஒன்றை நீக்கிவிட்டார். சமையலில் ஏதும் குறையா என்று கேட்டேன். "இல்ல. அவரு ஓய்வெடுத்துட்டாரு, மகன் கடையைப் பாக்குறான். மகனை எனக்குத் தெரியாதே."

வீட்டுச் சமையல் மட்டும் வேறு மாதிரி. அங்கே அவர் தாராளம். தேங்காய்ப்பாலைப் புளிக்கவைத்து மோர்க்குழம்பு வைப்பார். குலா மலாக்கா வெல்லத்தைக் கரைத்துச் சவ்வரிசிப் பாயசம் காய்ச்சுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிஞ்சுப் பலாக்காயை வேகவைத்து நசுக்கி, மிளகும் சோம்பும் வறுத்து அரைத்து, அடிப்பிடிக்கும் பதத்துக்கு வதக்கிப் பெரட்டல் செய்வார். அன்றைக்குச் சுவருக்கு மேலே எனக்கும் ஒரு கிண்ணம் வரும். சந்தையில் விற்கும் சோயா 'ஆட்டுக்கறி' அவருக்கு ஆகாது. "ஆடு இல்லாத ஆட்டுக்கறி எதுக்கு? அப்பிடி ஆசையிருந்தா ஆட்டையே தின்னுட்டுப் போ."

கணவர் காந்தன் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அதிகம் பேசாதவர். மாலையில் அவர் கழற்றிப்போடும் சட்டையை, வெளியே கறி மீன் தின்றாரா என்று மனைவி ஒருமுறை முகர்ந்த பிறகுதான் அது துவைக்கப் போகும். அவரும் இத்தனை வருடங்களில் அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று ஒரு நாள் கேட்டேன். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருடைய அப்பா ராமையா மாடு வளர்த்தாராம். கமலவேணிக்குப் பதினொரு வயதானபோது ஒருவர் லாரியில் வந்து காளைக்கன்றை ஏற்றிக்கொண்டு போனார். வளர்க்கத்தான் கொண்டுபோகிறார் என்று சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, கன்றைப் பார்க்கப் போகலாமா என்று சிறுமி கேட்டபோது வீடே சிரித்தது.

"வெட்டத்தான் கொண்டுபோனான்னு அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். லயத்துல அத்தன பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அன்னிக்குச் சாயந்தரம் பால் டீ குடுத்தாங்க. அது கன்னுக்குட்டி குடிக்கவேண்டிய பால்தானே? கன்னு இல்ல. நான் எப்பிடிக் குடிக்கிறது? அப்ப இதுக்கெல்லாம் பேரு கிடையாது அண்ணே. இப்பத்தான் ஷாமினி 'வீகன்'னு சொல்றா."

ஷாமினி அவருடைய ஒரே மகள். அம்மா சமையலில் வளர்ந்தவள். அவளும் பால் தொடமாட்டாள். போன வருடம் அவள் தன்னோடு வேலை செய்யும் யுகேந்திரனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். நல்ல பையன். ஆனால் வீடு செர்காமில், கடற்கரை ஓரம். அப்பா இல்லை. அம்மா மலர்க்கொடி அங்கே மீன் சுடும் கடையொன்றில் சம்பல் அரைக்கிறார். இதைக் கேட்ட நாளிலிருந்து கமலவேணிக்குத் தூக்கம் போயிற்று. "அந்த வீட்டுல எம்பொண்ணு எந்தச் சட்டியில சாப்புடுவா?" என்று சுவருக்கு மேலே என்னிடமே மூன்று முறை கேட்டார்.

மாப்பிள்ளை வீடு பார்த்துத் தேதி குறிக்க, காந்தனும் ஷாமினியும் உட்பட நான்கு பேர் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். என்னுடைய வேன்; நான் ஓட்டினேன். உம்பாய் தாண்டியதும் ஒரு பேருந்து நிழற்குடையைக் காட்டி, "அண்ணே, கொஞ்சம் ஓரங்கட்டுங்க," என்றார் கமலவேணி. பட்டுப்புடவையோடு இறங்கி, நீலப் பெட்டியைத் திறந்து, நின்றபடியே புளிச்சோறு சாப்பிட்டார்.

"அம்மா, அவங்க நமக்காகச் சமைச்சிருப்பாங்கம்மா," என்றாள் ஷாமினி.

"சமைக்கட்டும். நான் வயித்தைப் பாத்துக்கிறேன்."

செர்காமில் அந்தச் சின்ன வீட்டின் முன்கூடத்தில் மேசை நிறைய உணவு இருந்தது. சோறு, பருப்பு, வெண்டைக்காய், ரசம், பாயசம், நடுவில் பலாக்காய்ப் பெரட்டல். மலர்க்கொடி மெலிந்த பெண்மணி. முந்தானையால் கையைத் துடைத்தபடியே நின்றார். "எல்லாம் நானே செஞ்சதுங்க. பால், நெய் ஒண்ணும் கெடையாது. யுகேந்திரன் தம்பி எல்லாம் சொல்லிக் குடுத்துச்சு."

கமலவேணி பெரட்டலைப் பார்த்தார். "தண்ணி குடிக்கணும்," என்று எழுந்தார்.

"நீங்க உக்காருங்க, நான் கொண்டாறேன்."

"பரவால்ல."

"உள்ள வேணாங்க." மலர்க்கொடி சமையலறை வாசலில் குறுக்கே வந்து நின்றார். அவ்வளவுதான், கமலவேணியின் முகம் மாறிவிட்டது. ஒதுங்கி, நுழைந்துவிட்டார். எனக்கு நாற்காலியிலிருந்தே சமையலறை தெரிந்தது. அவர் அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் விரலை ஓட்டினார். குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"எந்தக் கடையில தாப்பாவ் பண்ணுனீங்க?"

"வாங்கலிங்க. நான்தான் சமைச்சேன்."

"எந்த அடுப்புல? அது சில்லுனு இருக்கு. தொட்டியில சொட்டு ஈரம் இல்ல. ஒரு தோல், ஒரு கொட்டை, எதுவும் இல்ல."

மலர்க்கொடி வாயைத் திறந்து, பின்புறக் கதவைப் பார்த்து, மூடிக்கொண்டார். யுகேந்திரன் ஏதோ சொல்ல வந்தான். அவன் அம்மா கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

"இன்னிக்கு எனக்கு விரதம்," என்றார் கமலவேணி. மலர்க்கொடியின் பார்வை அவருடைய விரல்களில் படிந்தது. நகக்கண்ணில் புளிச்சோற்று மஞ்சள் அப்படியே இருந்தது. அவர் கமலவேணியின் தட்டை எடுத்துவிட்டார். எங்களுக்கு மட்டும் பரிமாறினார். ஷாமினி தலை நிமிராமல் சாப்பிட்டாள். பெரட்டல் அருமையாக இருந்தது; அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

கல்யாணத் தேதி பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பேசத்தான் போயிருந்தோம்.

திரும்பும் வழியில் வேனுக்குள் ஷாமினியின் விசும்பல் மட்டும் கேட்டது. "கடையில வாங்கிட்டுச் செஞ்சேன்னு சொல்றாங்க. முதல் நாளே பொய்," என்றார் கமலவேணி ஜன்னலைப் பார்த்து.

"பொய் இல்ல," என்றார் காந்தன்.

அவர் குரல் கேட்டு நானே கண்ணாடியில் பார்த்தேன்.

"கை கழுவப் பின்னாடி போனேன். தார்ப்பாய் கட்டி, கீழ கேஸ் அடுப்பு வெச்சிருக்காங்க. சட்டி, கரண்டி எல்லாம் புதுசு. ஒட்டின விலைச் சீட்டுகூட உரியல. அந்தம்மா மூணு நாளா அந்தப் பெரட்டலைச் செஞ்சு செஞ்சு பாத்திருக்காங்க. உள்ள எவ்ளோ தேச்சாலும் பெலாச்சான் வாசம் போகலியாம். அதான் வெளிய சமைச்சேன், வீட்டம்மாகிட்ட சொல்லிடாதீங்க, வெக்கமா இருக்குன்னு சொன்னாங்க."

"அங்கியே ஏன் சொல்லல?"

"சொல்லாதீங்கன்னாங்க. நீயும் என்னைக் கேக்கலியே."

கமலவேணி ஜன்னலிலிருந்து திரும்பினார். பிறகு, "சீட்டு இருந்துச்சா? நீங்களே பாத்தீங்களா?" என்றார். காந்தன் முன்னால் சாலையைப் பார்த்தார். டுயோங் விளக்குச் சந்திப்பில் சிவப்பு விழுந்தது. பச்சை வந்ததும், "அண்ணே, காடியைத் திருப்புங்க," என்றார் கமலவேணி.

மலர்க்கொடி கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் பாத்திரங்களைக் குவித்துவைத்துத் துலக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழவில்லை.

"சாப்பாடு இருக்கா?" என்று கேட்டார் கமலவேணி.

"அக்கம்பக்கத்துல குடுத்துட்டேங்க. விரதம்னு சொன்னீங்களே."

"விரதம் இல்ல. வர்ற வழியிலயே தின்னுட்டு வந்தேன். உங்களை நம்பல."

"தெரியும்," என்றார் மலர்க்கொடி. கம்பிச்சுருளை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நான் இன்னும் என்ன செஞ்சிருந்தா நம்பியிருப்பீங்க? சொல்லுங்க, அதையும் செஞ்சிருப்பேன்."

கமலவேணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பட்டுப்புடவையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத் தரையில் குந்தினார். பாத்திரக் குவியலில் கழுவாமல் கிடந்த பெரட்டல் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஓரமாக இருந்த பானையில் இரண்டு பிடி சோறு மிஞ்சியிருந்தது. அள்ளிச் சட்டிக்குள் போட்டுப் பிசையத் தொடங்கினார்.

மலர்க்கொடி பார்த்துக்கொண்டே இருந்தார். "சட்டியில சாப்புடாதீங்க சம்பந்தி," என்றார் கடைசியில். "புள்ளைங்க கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்."

கமலவேணி நிமிரவில்லை. சட்டியைச் சற்றுச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்த மசாலாவை ஆள்காட்டி விரலால் சுற்றி வழித்தெடுத்தார்.