லாஸ் தாப்பியாஸில் கொடுத்த வாக்கு

ஒனேசிமோ பரேலா "வருகிறேன்" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. ஞாயிறு பூசைக்கு வருவீர்களா என்றால் "பார்க்கலாம்" என்பார். பக்கத்துப் பண்ணைக்காரர் வேலிக்கம்பி இழுக்கக் கூப்பிட்டாலும் அதே பதில்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோவிலின் கடைசி வரிசையில் அவர் தலை தெரியும். கம்பி இழுக்கிற அன்று, கூப்பிட்டவர் எழுந்து காபி போடுவதற்குள் கையுறை மாட்டிக்கொண்டு வேலியோரம் நிற்பார்.

மகள் செனாய்தாவுக்குச் சின்ன வயதில் இது பெரிய மனக்குறை. பள்ளி நாடகத்துக்கு முதல் நாள் கேட்டாள்.

"அப்பா, நாளைக்கு வருவீங்கல்ல?"

"பார்க்கலாம்மா."

"எல்லாரோட அப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"நல்லதுதானே."

அழுதுகொண்டு அம்மா கொரீனாவிடம் போனாள். அம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை. "எங்க அப்பாவும் இப்படித்தான். சுரங்கத்துல இறங்கி வேலை செய்யறவங்க வீட்டுல வர்றேன்னு சொல்லிக்க மாட்டாங்க. நீ போய்ப் படு."

மறுநாள் ஒனேசிமோ வந்தார். பூட்ஸில் உப்புத்தூளோடு சுவரோரம் நின்று பார்த்துவிட்டு, நாடகம் முடிவதற்கு முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டார்.

நியூ மெக்ஸிகோவின் தென்கோடியில், கார்ல்ஸ்பாடுக்குப் பக்கத்தில் ஒரு பருத்திப் பண்ணையில் பிறந்தவர் அவர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில், உரத்துக்கான உப்பு வெட்டும் பொட்டாஷ் சுரங்கத்தில் இறங்கினார். பதினான்கு வருடம் கழித்து அந்தச் சுரங்கத்தை மூடினார்கள். இரண்டு வருடம் காற்றாலைகளைப் பழுது பார்த்தும், பீக்கான் மரங்களை உலுக்கிக் கொட்டை உதிர்த்தும் வீட்டை ஓட்டினார். பிறகுதான் ஊருக்குக் கிழக்கே அரசாங்கம் பூமிக்கடியில் உப்புப் பாறைக்குள் அறைகள் தோண்ட ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. அணு ஆயுதம் செய்த இடங்களில் மிஞ்சிப்போன கையுறை, அங்கி, கருவிகளையெல்லாம் பீப்பாய்களில் அடைத்து, இரண்டாயிரம் அடிக்கும் கீழே கொண்டுபோய் வைக்கப் போகிறார்களாம். ஊரில் அதை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அது "கிடங்கு"தான்.

ஒனேசிமோவுக்கு உப்பைப் பிடித்திருந்தது. அது கல் மாதிரி நிற்காது, நகரும். தோண்டிய அறையின் சுவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் நெருங்கி வரும். அப்படியே விட்டால் கூரையும் தரையும் ஒரு நாள் சேர்ந்து, உள்ளே இருப்பதைத் தானாகவே மூடிவிடும். இதை அவர் சாப்பாட்டு மேசையில் கைகளை வைத்துக் காட்டுவார். இரண்டு உள்ளங்கையும் மெதுவாக நெருங்கி ஒட்டும். "நாம பூட்ட வேண்டியதே இல்ல. அதுவே பூட்டிக்கும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சந்தேகம் இருக்காது.

இப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வாக்குக் கொடுத்தார் என்பது செனாய்தாவுக்கு அவருடைய எழுபத்தோராவது வயதில்தான் தெரிந்தது.

வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். கிடங்கை இன்னும் பெரிதாக்க அனுமதி கேட்டு மனு போயிருந்தது. அதற்கு மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்களை நடத்தித் தர ஒரு சிறிய நிறுவனம் ஒப்பந்தம் எடுத்திருந்தது. செனாய்தாவுக்கு அதில் வேலை. பேச வருகிறவர்களின் பெயரைப் பதிவு செய்வது, ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் பார்த்து அட்டை காட்டுவது, வந்த கருத்துகளுக்கு எண் போட்டு வகை பிரிப்பது. ஒரு சனிக்கிழமை அந்தத் தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பி வைத்திருந்தாள். ஒனேசிமோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இதுல மூடற வருஷம் எங்கம்மா இருக்கு?"

"போடலப்பா. புது அறைங்க எத்தனைன்னு இருக்கு. முடியற தேதி இல்ல."

"முன்னாடி இருந்துச்சே."

"அது பழைய கணக்கு."

அவர் தாளைக் கீழே வைத்தார். பிறகு அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்.

கிடங்கு திறப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பு லாஸ் தாப்பியாஸில் ஒரு கூட்டம் நடந்தது. கிடங்குக்கு லாரிகள் போகும் சாலையில் இருக்கிற சின்ன ஊர் அது. வேலை கொடுத்த கம்பெனி நாற்பது தொழிலாளிகளுக்கு ஒரே நிறச் சட்டை கொடுத்து, பேருந்தில் ஏற்றி, கிடங்குக்கு ஆதரவாக அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது. பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கம். சாலையோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த எலாய்சா என்ற பெண் எழுந்தாள். அவளுக்குப் பீப்பாய்க் கணக்கு, அங்குலக் கணக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. "என் அடுப்படி ஜன்னலுக்கு நேரா இருபது அடியில சாலை. எத்தனை வருஷத்துக்கு இந்த லாரிங்க என் ஜன்னலத் தாண்டிப் போகும்? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். மேடையில் இருந்த அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு என்ன ஆச்சோ தெரியல. நான் எழுந்துட்டேன்" என்றார் ஒனேசிமோ. "இருபத்தஞ்சு வருஷம்மா, அதோட சரி. உப்பு மூடிக்கும். கடைசி லாரி போன அன்னைக்கு நானே வந்து உங்க கடையில உக்காந்து சொல்றேன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. அந்தம்மா உக்காந்துட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அந்த ஊரு அவங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவங்க உக்காந்ததும் எல்லாரும் உக்காந்துட்டாங்க."

 பள்ளி நாடகத்துக்குக் கூடச் சொல்லாத ஒன்றை முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சொல்லியிருக்கிறார் என்ற பழைய பொறாமைதான் செனாய்தாவுக்குள் முதலில் எட்டிப் பார்த்தது. அதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

"நான் அந்தக் கூட்டத்துல பேசணும்" என்றார்.

"விரிவாக்கம் வேண்டாம்னா?"

"வேண்டாம்னும் இல்ல, வேணும்னும் இல்ல. அது படிச்சவங்க சொல்லட்டும். நான் சொன்னது நடக்கல. அத நான் சொல்லணும்."

"எழுதிக் குடுத்துடலாம்ப்பா. நான் டைப் பண்றேன். எழுத்துக்கு நேரக் கணக்கே கிடையாது."

"நின்னு வாயால சொன்னது. நின்னு வாயாலதான் சொல்லணும்."

"அப்ப நேரா அந்தம்மா வீட்டுக்கே போயிடலாமே."

"போவணும். ஆனா அன்னைக்கு ஊரு முன்னாடி சொன்னேன். ஊரு முன்னாடி ஒத்துக்கிட்டு அப்புறம்தான் அவங்க முகத்துல முழிக்கணும்."

அவருடைய கூட்டாளி லாலோவுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார். இருபது வருடம் கீழே ஒன்றாகச் சாப்பிட்டவர். அன்றைய பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவரும் அவர்தான்.

"டேய் நேசி, உன் பையன் ரமோன் இப்ப எங்க வேலை பாக்கறான்?"

"கிடங்குலதான்."

"அது விரிஞ்சாத்தான் அவனுக்குச் சோறு. நீ போய் மைக்கு முன்னாடி ஒப்பாரி வைக்கப் போறியா?"

"நான் வேண்டாம்னு சொல்லலியே."

"நீ சொல்றது எப்படிக் கேக்கும்னு உனக்குத் தெரியாது. நாப்பது பேரு அன்னைக்கு அதே சட்டை போட்டுக்கிட்டுக் கை தட்டினோம். நீ ஒருத்தன் மட்டும் யோக்கியனா?"

"நீங்க கைதான் தட்டினீங்க. வாயத் தொறந்தது நான்."

லாலோ காபியைக் குடித்துவிட்டு, "கழுதை" என்று சொல்லி எழுந்து போனார்.

ஒரு வாரம் சமையலறையில் முட்டை வேகவைக்கிற கடிகாரத்தை வைத்து ஒனேசிமோ பேசிப் பழகினார். கொரீனா ரொட்டி மாவைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் நாற்பது நொடி. அதற்கு மேல் ஒரு நாளும் போகவில்லை. செனாய்தாவும் இரண்டு முறை கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கும் மனைவிக்கும் முன்னால் பேசும்போது யாரையும் விசாரிக்க வேண்டியிருக்காது என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

கூட்டத்தன்று மாலை மண்டபம் நிறைந்திருந்தது. விரிவாக்கம் வேண்டாம் என்று சாந்தா ஃபேயிலிருந்து வந்தவர்கள் இடப்பக்கம், கிடங்கில் வேலை செய்பவர்கள் வலப்பக்கம். செனாய்தா முன்வரிசையில் மூன்று அட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு. வடக்கிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மாவுக்குப் பாதி வாக்கியத்தில் சிவப்பைக் காட்டினாள். வணிகர் சங்கத் தலைவருக்கும் அப்படியே. லாலோ ஒன்றே கால் நிமிடத்தில், வேலையும் ஊரும் வளர வேண்டும் என்று சொல்லி இறங்கினார். பதினேழாவது பெயரைக் கூட்டத்தின் நடத்துநர் படித்தார்.

ஒனேசிமோ மைக்கின் முன்னால் நின்று முதலில் கூரையைப் பார்த்தார். சுரங்கத்தில் கூரை சரியுமா என்று பார்த்துப் பார்த்து வந்த தொழில் பழக்கம் அது. பிறகு ஜனங்களைப் பார்த்தார்.

அந்த ஊர்ப்பக்கத்து ஆட்கள் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால், தான் யார் பிள்ளை என்று சொல்லாமல் ஆரம்பிக்க மாட்டார்கள். எதிரில் இருக்கிற பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கும்பிடாமலும் ஆரம்பிக்க மாட்டார்கள். அதெல்லாம் சொல்லாமல் ஆரம்பித்தால் அது பேச்சே இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நான் தெலெஸ்ஃபோரோ பரேலாவோட மகன். லவிங் ஊர்ப் பக்கத்துல பருத்தி எடுத்தவரு. எங்க அம்மா ரெஃபூஹியோ. மூணாவது வரிசையில திருமதி ஆர்மிஹோ இருக்காங்க, அவங்க வீட்டுக்காரரோட நான் ஆறு வருஷம் பொட்டாஷ்ல வேலை பாத்தேன். நல்லா இருக்கீங்களாம்மா? அந்தக் கடைசியில பெஞ்சமின் இருக்காரு. அவங்க அண்ணன் பாறை சரிஞ்சு செத்துப்போனப்ப நான் பக்கத்துச் சுரங்க வழியில இருந்தேன்..."

அவர்கள் எழுந்து தலையசைத்தார்கள். அவர் ஒவ்வொருவருக்காகவும் நிறுத்தினார். மண்டபத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். செனாய்தா மஞ்சள் அட்டையைத் தூக்கினாள். அவர் அதைப் பார்த்தார், தலையாட்டினார். ஆனால் பெஞ்சமினுக்குப் பக்கத்தில் இருந்தவரைச் சொல்லாமல் விடுவது அவரால் முடியாத காரியம்.

"சரி. நான் எதுக்கு வந்தேன்னா, லாஸ் தாப்பியாஸ் பள்ளிக்கூடத்துல ஒரு நாள்..."

கடிகாரம் மூன்று நிமிடத்தைத் தொட்டது.

அவள் கை ஒரு கணம் நின்றது. அந்தப் பாட்டியம்மா இடப்பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செனாய்தா சிவப்பு அட்டையைத் தூக்கினாள்.

நடத்துநர் மரியாதையாகச் சொன்னார். "நன்றி, திரு பரேலா. மீதியை எழுத்தில் கொடுக்கலாம்."

லாலோ எழுந்தார். "நான் முழு நேரமும் எடுத்துக்கல. மிச்சத்த அவனுக்குக் குடுங்க."

"ஒருவர் நேரத்தை இன்னொருவருக்குத் தர விதி இல்லை."

ஒனேசிமோ மகளைப் பார்த்து, "சரிம்மா" என்றார். மைக்கைத் தொட்டு நேராக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் லாலோ காத்திருந்தார். "மண்டபத்துல இருந்த நாயை மட்டும்தான் விசாரிக்கல நீ."

"நாய் எங்க இருந்துச்சு?"

"அதான் தப்பிச்சுடுச்சு."

ஒனேசிமோ சிரித்தார். வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. செனாய்தா வண்டியை ஓட்டினாள். வீட்டு வாசலில் இறங்கும்போது கேட்டாள். "அடுத்த சனிக்கிழமை லாஸ் தாப்பியாஸ் போலாமா?"

"பார்க்கலாம்."

அந்தச் சொல்லை அவள் நம்பினாள். அவர் பார்க்கலாம் என்று சொல்லி நடக்காமல் போனது ஒன்றும் இல்லை. அதனால் அவசரப்படுத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளுக்கு வேலை இருந்தது, அதற்கு அடுத்தது பனி. கருத்துகளை வகை பிரிக்கிற நாளில் அப்பாவுடைய பேச்சின் அச்சுப்படி அவள் கைக்கு வந்தது. முக்கால் பக்கம் பெயர்கள், பிறகு பள்ளிக்கூடம், பிறகு மூன்று புள்ளி. கேள்வியும் இல்லை, ஆட்சேபமும் இல்லை. "பதில் தேவையில்லை" என்ற கோப்பில்தான் அதைப் போட முடிந்தது. போட்டாள். ஜனவரியில் ஒரு காலை, கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றப் போன இடத்தில் ஒனேசிமோ விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

மார்ச் மாதத்தில் செனாய்தா தனியாக லாஸ் தாப்பியாஸுக்குப் போனாள். கடை திறந்திருந்தது. எலாய்சாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செனாய்தா, தான் ஒனேசிமோ பரேலாவின் மகள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"சட்டைக்காரரா" என்றாள் எலாய்சா. "நீலச் சட்டை. ஞாபகம் இருக்கு. எங்க அவரு?"

செனாய்தா சொன்னாள். கிழவி சிலுவை போட்டுக்கொண்டு, மிளகாய்க் குழம்பு ஒரு கிண்ணமும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். செனாய்தா சாப்பிடாமல் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். பெயர்களைச் சொன்னது, மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும்.

"அட்டையத் தூக்கினது நான்தாம்மா."

"மூணு நிமிஷம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்ப தூக்கத்தான் வேணும்." கிழவி யோசித்தாள். "அவரு பேரெல்லாம் சொன்னதும் தப்பு இல்ல. யாருன்னு சொல்லாம ஒருத்தர் எப்படி மன்னிப்பு கேப்பாரு?"

"அவர் சொல்ல வந்தத நான் சொல்லட்டுமா? அதுக்குத்தான் வந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே கிடங்கு லாரி ஒன்று போனது. பின்னால் மூன்று வெள்ளைக் கலன்கள். மேசையில் தண்ணீர் லேசாக ஆடியது. எலாய்சா அது போய் முடிகிறவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா. நானே வந்து சொல்றேன்னாரு. மகள அனுப்பறேன்னு சொல்லல."

"அவர் இல்லையே."

"தெரியுது. எனக்குக் கோவம் இல்ல. ஆனா நீ சொல்லி நான் சரின்னுட்டா அவரு குடுத்த வாக்கு தீந்துபோச்சுன்னு ஆயிடும். அது தீரல." கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. ஆறிடும்."