வீடு போய்த் திரும்பிய மாத்திரைகள்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் பூட்டக்கா. அவளுடைய மருந்துக் கடையின் உள்ளறையில் சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்பு அலமாரி ஒன்று உண்டு. மார்ஃபின் மாதிரியான, சட்டம் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிற மருந்துகளெல்லாம் அதற்குள்தான். சாவி எப்போதும் அவள் இடுப்பில். குளிக்கும்போதாவது கழற்றுவாளா என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். அவள் சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொள்வாள்.

கறார் என்றால் அப்படியொரு கறார். ஒரு நாள் வந்த மார்ஃபின் பெட்டியின் சீல் ஓரத்தில் லேசாகக் கிழிந்திருந்தது. வேறு கடைக்காரர் என்றால் உள்ளே எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கி வைத்திருப்பார். இவள் கொண்டுவந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டாள். வண்டிக்காரர் வாய்க்குள் எதையோ மென்றுகொண்டே போனார். அலமாரியில் இருப்பு தீர்ந்திருந்தது, அடுத்த பெட்டி வர இன்னும் இரண்டு நாளாகும்.

மறுநாள் மத்தியானம் அவளுடைய சொந்த அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள். அக்கா புருஷனுக்கு எலும்பு வரைக்கும் பரவிய புற்றுநோய். காலை வேளையோடு மாத்திரை தீர்ந்துவிட்டது. தங்கச்சி கடைதானே, எப்போது போனால் என்ன என்று அக்கா மெத்தனமாக இருந்துவிட்டாள்.

சீல் கிழிந்த கதையைத் தங்கை சொன்னதும் அக்கா முகம் மாறியது.

"சீல்தானேடி கிழிஞ்சுது? மாத்திரையா கிழிஞ்சுது?"

தங்கை தொலைபேசியை எடுத்துக் கடை கடையாக விசாரித்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர் கடையில் மட்டும் மருந்து இருந்தது. ஆனால் மாத்திரையாக இல்லை, குடிக்கிற திரவமாக. அக்கா கையிலிருந்த சீட்டில் மாத்திரை என்று எழுதியிருந்தது. டாக்டர் புதுச் சீட்டு எழுதாமல் அங்கே கொடுக்கமாட்டார்கள். டாக்டரோ அறுவைச் சிகிச்சையில் இருந்தார். சாயங்காலம்தான் வெளியே வருவாராம்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். போன வாரம் இறந்துபோன தையல்காரரின் மனைவி அவளுக்குப் பக்கத்து வீடு. தையல்காரர் சாப்பிட்டது போக மிஞ்சிய மாத்திரைகளை அந்த அம்மாள் பூட்டக்காவிடம் திருப்பிக் கொடுத்தது அக்காவுக்குத் தெரியும். அதே மருந்து, அதே அளவு.

"அது உள்ளதான இருக்கு?"

இருந்தது. ஆனால் ஒருமுறை வீட்டுக்குப் போய்த் திரும்பிய மருந்து சட்டத்தின் கண்ணில் மருந்தே அல்ல. குப்பை. அதிலும் பூட்டிவைக்க வேண்டிய குப்பை. இன்னொருவருக்குக் கொடுத்தால் உரிமம் போகும், வழக்கும் வரும். அதை அழிப்பதற்காகவே மருந்துத் துறை ஆய்வாளர் அன்று பிற்பகல் வரப்போகிறார். இதையெல்லாம் தங்கை மென்று விழுங்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஆய்வாளரே வந்துவிட்டார்.

அக்கா இடத்தை விட்டு அசையவில்லை. உள்ளறைக் கதவும் திறந்தே கிடந்தது.

ஆய்வாளர் மாத்திரைகளை உறையிலிருந்து பிதுக்கித் தட்டில் கொட்டி, நிதானமாக எண்ணிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் அகன்ற வாய் டப்பா தயாராக இருந்தது. தண்ணீர் பட்டால் கூழாக இறுகிவிடும் பொடி அதற்குள். மாத்திரையை நசுக்கிப் போட்டுக் கலக்கினால் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. அவள் குழவியைக் கையிலெடுத்த நேரம் பார்த்து அவருடைய செல்பேசி அடித்தது. "நீங்க ஆரம்பிங்கம்மா" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

எண்ணியாகிவிட்டது. இனி யாரும் எண்ணப் போவதில்லை. நாலைந்து மாத்திரை உள்ளங்கைக்குள் போனால் கடவுளுக்குக்கூடத் தெரியாது. மாத்திரையில் பழுதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். நிமிர்ந்தாள். அக்கா தட்டைப் பார்க்கவில்லை, தங்கையின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரிக்கு மட்டும்டி" என்றாள், உதடு மட்டும் அசைய.

குழவி இறங்கியது. மாத்திரை நொறுங்கும் சத்தம் பல்லைக் கடிப்பதுபோல் கேட்டது. கடைசித் துகள் வரைக்கும் வழித்துப் போட்டு அவள் தண்ணீர் ஊற்றினாள். ஆய்வாளர் திரும்பி வந்தபோது டப்பா கெட்டியாகிவிட்டிருந்தது, நாற்காலி காலியாக இருந்தது. சீட்டு மேசைமேலேயே கிடந்தது.

அவர் போனதும் கடையை இழுத்துச் சாத்தினாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் கால் கடுக்க நின்று, தொப்பியைக்கூடக் கழற்றாத டாக்டரைப் பிடித்துப் புதுச் சீட்டு வாங்கினாள். மீசைக்காரர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள்.

மீசைக்காரர் சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டார். அடையாள அட்டை கேட்டார். பிறகு டாக்டருக்கே போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே, என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்மா. என் இடத்துல நீங்க இருந்தா குடுத்திருப்பீங்களா?"

அந்த மீசையைப் பிடித்து இழுக்கலாம்போல் இருந்தது அவளுக்கு. ஒருவழியாக டாக்டர் எடுத்தார்.

அக்கா வீட்டு வாசலிலேயே முனகல் கேட்டது. கட்டிலில் அத்தான் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார். போர்வை நுனி வாய்க்குள் இருந்தது. அக்கா அவளிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். அளவுக் குழாயில் உறிஞ்சி விளக்கு வெளிச்சத்துக்குத் தூக்கினாள். பொடிப் பொடியான கோடுகளில் எது என்று தெரியவில்லை.

"உன்கிட்ட நான் பேசலை" என்றாள். "அளவு மட்டும் சொல்லு."

"கொஞ்சம் அதிகம். இறக்கு. இன்னும். ம், போதும்."

அத்தான் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவதை இருவரும் பார்த்தார்கள். அக்கா கட்டிலின் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். தங்கை மறுபக்கம் நின்றாள். போ என்று அக்கா சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. முனகல் குறைய வெகுநேரம் பிடித்தது. அதுவரைக்கும் அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.