குற்றம் கூடிய வருடம்

குற்றவியலில் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்த முதல் வருடம், மைசூரு மண்டி மொஹல்லாவில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். போலீஸ் கணக்கில் ஏறுவது புகாராக வந்த குற்றங்கள் மட்டும்தான். வராதவை எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் மக்களிடமே கேட்க வேண்டும். என் வழிகாட்டியான பேராசிரியர் கேள்விகளைக் கன்னடத்தில் தயாரித்திருந்தார். முதல் கேள்வி, கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் ஏதாவது 'அபராத'த்துக்கு ஆளானீர்களா என்பது. கன்னடத்தில் அபராத என்றால் குற்றம்.

கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து வந்து சட்டை தைக்கும் யூனிட்டில் வேலை பார்த்த ஒரு அக்கா அதைக் கேட்டதும் திகைத்தாள்.

"எங்ககிட்ட வண்டியே இல்லீங்களே. எதுக்குங்க அபராதம் போடறாங்க?"

இருவரும் சிரித்துவிட்டோம். குற்றம் என்று தமிழில் சொன்னேன். என் பெற்றோர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரர்கள் என்பதால் என் பேச்சு அவளுக்குச் சொந்த ஊர்ப் பேச்சு மாதிரி இருந்திருக்க வேண்டும். உடனே ஒருமைக்கு வந்துவிட்டாள்.

"திருட்டு, கொலை அந்த மாதிரியா கண்ணு? அதெல்லாம் ஒண்ணுமில்லை. நிம்மதியாத்தான் இருக்கறோம்."

'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். அநேகமாக எல்லா வீட்டிலும் இதே பதில். காவல் நிலையத்திலும் அந்தச் சந்துகளிலிருந்து பெண்கள் கொடுத்த புகார் என்று எதுவும் இல்லை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறது, அமைதியான பகுதி என்று எழுதிவிடலாம் என்றார் பேராசிரியர். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

மீதியிருந்த சில கேள்விகளை முடிக்க ஒரு மாலை யூனிட் வாசலில் அந்த அக்காவுக்காகக் காத்திருந்தேன். பேசிக்கொண்டே நடந்தோம். அவள் வீட்டுக்கு நேராக ஒரு சந்து போகிறது. அவளோ ஆட்டோக்கள் இடித்துக்கொள்ளும் கடைவீதி வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

"ஏனக்கா சுத்திப் போறோம்?"

"அந்தச் சந்துல நாங்க யாரும் போறதில்லை. ரெண்டு பேரு பைக்குல வருவானுங்க. பின்னாலிருந்து கை வெச்சுட்டுப் போயிருவானுங்க. போன மாசம் எங்க யூனிட்டுப் புள்ளை ஒருத்தியோட துப்பட்டாவைப் புடிச்சு இழுத்து, அவ விழுந்து முட்டியெல்லாம் பேந்துபோச்சு."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"நீ குத்தம்னுதானே கேட்டே. இது தொந்தரவு."

மறுநாள் காலை பேராசிரியரிடம் போய், கேள்வியை மாற்ற வேண்டும் என்றேன். அவர் சொன்ன தடை நியாயமானது. பாதி வீட்டில் ஒரு கேள்வி, பாதி வீட்டில் இன்னொன்று என்றால் இரண்டையும் சேர்த்து எண்ண முடியாது.

"அப்படின்னா முதல் வீட்டிலிருந்து திரும்பக் கேக்கறேன் சார்."

"எல்லா வீடுமா?"

"எல்லா வீடும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எழுதிட்டு வா."

புதிய கேள்விகளில் குற்றம் என்ற சொல்லே இல்லை. உங்கள் விருப்பமில்லாமல் யாராவது தொட்டார்களா? கையிலிருந்து எதையாவது பிடுங்கினார்களா? பயந்து எந்த வழியையாவது விட்டுவிட்டீர்களா? ஒரு வருடம் என்று பொதுவாகக் கேட்டால் ரொம்பப் பழைய சம்பவங்களும் கலந்துவிடும். அதனால் போன தசராவிலிருந்து இந்தத் தசரா வரைக்கும் என்று கேட்டேன்.

அதே கதவுகளைத் தட்டினேன். முன்பு ஒற்றைச் சொல்லில் அனுப்பியவர்கள் இப்போது உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரு கல்லூரிப் பெண், "இத்தனை நாள் சும்னே கூச்சப்பட்டுட்டு இருந்தோம் அக்கா" என்று சும்மாவைக்கூடக் கன்னடத்தில் சொல்லி ஆரம்பித்தவள், பேசப் பேசக் கன்னடத்துக்கே போய்விட்டாள்.

தையல்கார அக்கா கடைசியில் என்னைக் கேட்டாள். "அப்ப இது குத்தந்தானா?"

"குத்தந்தான். ஒரு பொண்ணோட இஷ்டமில்லாம அவளை அப்படித் தொட்டா சட்டப்படி குத்தம்."

"அப்பப் போலீசுல சொல்லோணுமல்ல?"

ஆராய்ச்சிக்காகச் சொன்னதை நான் வெளியே சொல்லக் கூடாது, அது எங்கள் விதி என்றேன். அவர்களாகப் போனால் கூட வந்து கன்னடத்தில் பேசுகிறேன் என்றேன்.

இரண்டு நாளில் யூனிட் முடிந்ததும் ஒரு கூட்டமாகக் கிளம்பினார்கள். முட்டியில் தழும்போடு அந்தப் பெண்ணும் வந்தாள். நிலையத்தில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இது அமைதியான ஏரியா, பெண்கள் விஷயத்தில் எங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது, கேஸ் எழுத வேண்டாம், ஆள் அனுப்பிக் கண்டிக்கச் சொல்கிறேன் என்றார். அவர் கன்னடத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சார், பரீரி."

எழுதுங்கள் என்று அர்த்தம். அவள் கன்னடம் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக, "பரீரி சார்" என்றார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. யாரும் நகரவும் இல்லை. அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு ஒரு பெண் எஸ்ஐயைக் கூப்பிட்டார். எஃப்ஐஆர் நகலை அக்கா மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

முனைக் கடையின் கேமராவில் பைக் நம்பர் இருந்தது. அந்த வாரமே இருவரும் பிடிபட்டார்கள். செய்தி பரவியதும் மற்ற சந்துகளிலிருந்தும் பெண்கள் புகார் கொடுக்க வந்தார்கள். அந்த வருடம் நிலையத்தின் கணக்கு மளமளவென்று ஏறியது.

அடுத்த தசரா முடிந்து அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்டுவிட்டு, முடிவுகளைப் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் வைத்தேன். விருந்தினராக வந்திருந்த போலீஸ் அதிகாரி எழுந்தார். "உங்க ஆராய்ச்சிக்கு அப்புறம் அங்கே குற்றம் கூடியிருக்கே?"

"புகார்தான் கூடியிருக்கு சார். யாரோ தொட்டாங்கன்னு எங்ககிட்ட சொன்னவங்க குறைஞ்சிருக்காங்க. உங்க கணக்கு நல்லா இருந்த வருஷம்தான் அவங்களுக்கு மோசமான வருஷம்."

அவர் என் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதன் பிரதி வேண்டும் என்றார். முதல் வரிசையில் பேராசிரியர் பாராட்டாக மேசையைத் தட்டினார். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

பக்கத்து வார்டுகளில் கணக்கெடுக்கவும் எங்கள் கேள்விகளே போயின. தமிழ் வீடுகளுக்கு ஆள் தேடியபோது தையல்கார அக்கா, "நான் வர்றேன்" என்றாள். முதல் நாள் கழுத்தில் அடையாள அட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் மாடிப்படி ஏறி, கதவைத் தட்டினாள்.

"கொஞ்சம் பேசலாமுங்களா?" என்றாள், திறந்த பெண்ணைப் பார்த்து.